பாராட்டும் மண்டைக்கனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாக் குழுவில் நாடகம், கச்சேரி, கரகாட்டம் எல்லாம் பேசி முடிக்கிற வேலை பல வருஷமாக என்னுடையது. கலைஞர்களை மேடையில் பார்த்ததைவிட மேடைக்குப் பின்னால் பார்த்ததுதான் அதிகம். 'நல்லாப் பாடிக்கிட்டிருந்த பையன், எல்லாருமாச் சேர்ந்து ஏத்திவிட்டே கெடுத்துட்டாங்க' என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாராவது என்னிடம் வந்து நியாயம் கேட்பார்கள். பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்த்த பெற்றோர், ரசிகர் மன்றத் தம்பிகள், சில சமயம் கலைஞர்களே. திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

புகழ்ந்தால் கலைஞன் கெட்டுப்போவான் என்பது உண்மையா?

பாதி உண்மை. கைதட்டல் மட்டும் ஒருவரைக் கெடுத்து நான் பார்த்ததில்லை. புகழ்கிறவர்கள் வட்டமாகச் சூழ்ந்துகொண்டு, குறை சொல்கிறவரை உள்ளே விடாமல் பண்ணிவிடுகிறார்களே, கெடுவது அங்கேதான். ஆயிரம் பேர் கைதட்டினாலும், மேடையை விட்டு இறங்கியதும் 'அண்ணே, இன்னிக்கு மேல போகும்போது சுருதி விலகிருச்சு' என்று சொல்ல ஒரு ஆர்மோனியக்காரர் கூட இருந்தால் போதும், அந்தப் பாடகருக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஆர்மோனியக்காரரைக் கழற்றிவிட்டுத் தலையாட்டுகிற ஆளைக் கூட்டிவந்த வருஷத்திலிருந்து பாட்டு இறங்க ஆரம்பிக்கும். பாடுகிறவருக்கு மட்டும் அது தெரியாது.

அளவுக்கு மீறிய புகழ்ச்சி என்பது எது? கோடு எங்கே போடுவது?

எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். கதாநாயகனாக நடிக்கிற ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியாக நடிக்கிற ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், சிரிக்க வைக்கிற பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை என்பதே கிடையாது. அவரவரைத் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்திருப்போம், அன்றைக்கு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். அந்த அளவுக்கு ஒவ்வொருவருக்கும் பாட்டும் வசனமும் ஊறிப்போயிருக்க வேண்டும்.

வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனுக்கும் வள்ளிக்கும் கேள்வியும் பதிலுமாக நடக்கிற தர்க்கம் சூடு பிடிக்கிற நேரம். கீழேயிருந்து ஒருவர் மேடை ஏறுவார். கையில் நூறு ரூபாய் நோட்டும் ஓர் ஊக்கும். பாட்டு பாதியில் நிற்கும். நோட்டு ராஜபார்ட்டின் சட்டையில் ஏறும். 'ராஜபார்ட் அண்ணனின் ஒப்பற்ற நடிப்பைப் பாராட்டி' என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பேர், அவர் அப்பா பேர், தெருப் பேர் எல்லாம் மைக்கில் வரும். அவர் இறங்குவதற்குள் பங்காளி ஒருவர் ஏறுவார், இருநூறோடு. விட்டால் மாமன் மச்சான் வரிசையாக வருவார்கள். கடைசியில் ராஜபார்ட் வள்ளி பக்கம் திரும்பும்போது, எந்தக் கேள்வியில் விட்டோம் என்பதே அவருக்கு மறந்திருக்கும். ஸ்திரீபார்ட் அம்மாதான் எடுத்துக் கொடுத்துச் சமாளிப்பார்.

நாடகக்காரர்களுக்கு மாசி பங்குனியில் தொடங்கி சில மாதம்தான் கை நிறைய வேலை. அதனால் அந்தக் காசை நான் குறை சொல்ல மாட்டேன். எந்த அடியை எப்படிப் பாடியதற்காக அந்த நூறு ரூபாய் என்று கேட்டால், கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. நான் கோடு போடுவது அங்கேதான். இன்னதைச் செய்தாய், அது நன்றாக இருந்தது என்று சொல்கிற பாராட்டு எவ்வளவு வந்தாலும் மனுஷன் தாங்குவான். 'உங்கள மிஞ்ச ஆளே இல்ல', 'நீங்க பிறவிக் கலைஞர்', 'நீங்கல்லாம் மெட்ராஸ்ல இருக்க வேண்டிய ஆளுண்ணே' என்று ஆளையே தூக்கிப் பிடிக்கிற புகழ்ச்சி கொஞ்சம் கூடினாலும் தலைக்கு ஏறும். அதை வைத்துக்கொண்டு மறுநாள் உட்கார்ந்து சாதகம் பண்ண முடியாது. இன்னும் யாராவது அதையே சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கத்தான் முடியும்.

எங்கள் குழுவில் இந்த அன்பளிப்புக் கூத்தை நிறுத்த முடியுமா?

அடியோடு நிறுத்தப் பார்த்தால் திருவிழாவே நின்றுவிடும். கொடுத்தவர்கள் பேரையெல்லாம் காட்சி முடிகிற இடத்தில் சேர்த்து வாசித்துவிடலாம். அதற்கே ஊர்க் கூட்டத்தில் முகம் கோணுவார்கள், தயாராக இருங்கள்.

இதற்கு ஆராய்ச்சி ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் அனுபவப் பேச்சுதானா?

உண்டு. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இரண்டு பேர் 1998ல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்கள் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் 'நீ கெட்டிக்காரப் பிள்ளை' என்றும் சிலரிடம் 'நல்லா முயற்சி பண்ணியிருக்கே' என்றும் சொன்னார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் அடுத்த தடவை, தோற்றுப்போக வழியில்லாத சுலபமான புதிர்கள் பக்கமே சாய்ந்தார்கள். கஷ்டமான புதிரில் தடுக்கியதும் அவர்களுக்குத்தான் சீக்கிரம் ஆர்வம் விட்டுப்போனது. எடுத்ததைவிடக் கூடுதலாக மதிப்பெண் எடுத்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

கலைக்கு நெருக்கமான ஆய்வு நெதர்லாந்தில் எடி பிரும்மெல்மனும் கூட்டாளிகளும் 2014ல் வெளியிட்டது. வான் கோவின் ஓவியம் ஒன்றைப் பார்த்துப் பிள்ளைகளை வரையச் சொன்னார்கள். ஓர் ஓவியர் அதைப் பார்த்ததாகச் சொல்லி, சிலருக்கு 'அழகா வரைஞ்சிருக்கே' என்றும், சிலருக்கு 'நம்ப முடியாத அழகு' என்கிற தினுசிலும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து சுலபமான படம் வேண்டுமா, கஷ்டமான படம் வேண்டுமா என்று கேட்டார்கள். தன்னைப் பற்றிப் பெரிதாக நினைக்காத பிள்ளைகள், பெரிய புகழ்ச்சியைக் கேட்டதும் கஷ்டமான படத்தை விட்டு ஒதுங்கினார்கள். தன்மேல் நம்பிக்கை உள்ள பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அதே பிரும்மெல்மன் குழு மறுவருஷம் இன்னொன்றும் வெளியிட்டது. 'என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட ஒசத்தி' என்று கொண்டாடுகிற வீட்டில் பிள்ளைக்குத் தற்பெருமை கூடுகிறது, பாசம் காட்டி வளர்க்கிற வீட்டில் சுயமதிப்பு கூடுகிறது என்று கண்டார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நாலைந்து பாடகர்கள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. புதுப் பாட்டு எடுக்க மாட்டார்கள், வழக்கமான ஆர்மோனியம் இல்லாவிட்டால் பாட மாட்டார்கள், போட்டி மேடை என்றால் உடம்பு சரியில்லை என்பார்கள். ஊரில் அதை மண்டைக்கனம் என்று பேசினார்கள். என் கணக்கில் அதில் பாதி பயம். 'மிஞ்ச ஆளே இல்லை' என்ற பேரைக் காப்பாற்ற ஒரே வழி, யாரோடும் மோதாமல் இருப்பது.

மண்டைக்கனம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 'எல்லாம் உங்க ஆசீர்வாதம், நான் ஒரு எளிய கலைஞன்' என்று மைக்கில் கும்பிடு போடுவதில் நம் ஆட்கள் கைதேர்ந்தவர்கள். வேலையைக் கவனியுங்கள். மைக் செட் கட்டும்போதே வந்து சுருதி பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது வண்டியிலிருந்து இறங்கி நேரே மேடை ஏறுகிறார். மிருதங்கக்காரர் தனி வாசிக்கும்போது தாளம் போடாமல் போனைத் தடவுகிறார். கூட நடிப்பவர் கைதட்டல் வாங்கப்போகிற இடம் தெரிந்து, அதற்கு அரை நொடி முன்னால் புகுந்து தன் வசனத்தைப் போடுகிறார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய அடையாளம். மற்ற இரண்டும் அசதியால்கூட வரலாம்.

நோட்டீஸில் யார் பேர் மேலே, யார் போட்டோ பெரிது என்று சண்டை போடுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த ஊர்க்காரர்கள் அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் சம்பளம் பேசுகிறார்கள். அது வயிற்றுப் பிரச்சினை.

சம்பளம் கூடக் கேட்கிறார், உட்கார நாற்காலி கேட்கிறார். இது திமிர் இல்லையா?

யார் கேட்கிறார் என்று பார்த்து நாம் பேரை மாற்றிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். சபா பாடகர் ஏசி ரூம் கேட்டால் 'பெரிய வித்வான், அப்படித்தான் இருப்பார்' என்கிறோம். பறை அடிக்க வந்த தம்பி, பேசிய தொகையை முழுசாக எண்ணி வாங்கினால் 'டிவியில வந்ததும் திமிர் ஏறிருச்சு' என்கிறோம். மேளக்காரர் ஊர்ப் பெரியவர் முன்னால் சட்டை போடக் கூடாது, உட்காரக் கூடாது, தோள் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்றிருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) ஆணவக்காரர் என்று சொல்லாத ஆள் இல்லை. கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டு போட்டுக்கொண்டார், பாட்டுக்காரர்களுக்குச் சமமாக நாதஸ்வரத்துக்கும் மேடை கேட்டார். அவர் வாசித்த தோடி ராகத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். அவர் கேட்டது பின்னால் வந்த அத்தனை நாதஸ்வரக்காரர்களுக்கும் சேர்ந்தே கிடைத்தது. அவரிடம் முன்கோபமும் பிடிவாதமும் இருந்திருக்கலாம். சமமான மேடை கேட்டதை அதில் சேர்க்காதீர்கள்.

எனக்கு ஒரு சோதனை உண்டு. கேட்பது தனக்கு மட்டுமா, கூட வந்தவர்களுக்கும் சேர்த்தா? தனக்குக் கறிச் சாப்பாடு, டோலக் அடிக்கிறவருக்குப் பொட்டலம் என்று பேசுகிறவரிடம் நான் அடுத்த வருஷம் போவதில்லை.

பட்டம் கொடுப்பது, ஃபிளெக்ஸ் வைப்பது தப்பா?

சுவரொட்டிக்கும் ஃபிளெக்ஸுக்கும் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். ஒரு பையன் டிவி பாட்டுப் போட்டியில் இரண்டாவது சுற்றுக்குப் போனாலே 'வைகைக்கரையின் இசைச் சக்கரவர்த்தியே' என்று பைபாஸில் நின்றுவிடும். ஆனால் அந்த ஃபிளெக்ஸை ஒரு தடவை நின்று பாருங்கள். பாடகன் போட்டோ ஒரு மூலையில் இருக்கும். வைத்தவர், அவர் அண்ணன், நண்பர்கள் கூட்டம், இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூடக் கூலிங் கிளாஸோடு மீதி இடத்தை நிறைத்திருக்கும். அந்தப் புகழ்ச்சி பாடகனுக்காக வைத்ததே இல்லை. பதினேழு வயசுப் பையனுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பட்டம் வேறு விஷயம். வாழ்நாள் உழைப்பைப் பார்த்துக் கொடுக்கிற பட்டத்துக்கு மரியாதை உண்டு. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி சின்னப் பிள்ளையிலிருந்து மேடையில் பாடியவர். சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது 1968ல், அவருடைய 52வது வயதில். நாம் அரங்கேற்ற மேடையிலேயே 'கலாநிதி' என்று போட்டுவிடுகிறோம். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயசில் கொடுக்க நம்மிடம் என்ன பட்டம் மிச்சம் இருக்கும்?

அவ்வளவு புகழ் வந்தும் எம்.எஸ். மாதிரி ஆட்கள் எப்படித் தப்பித்தார்கள்?

'அவங்க தெய்வப் பிறவி' என்று பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். நாம் பேசிக்கொண்டிருக்கிற வியாதியே அந்தப் பதில்தான். அவர் செய்ததைப் பார்க்க விடாமல் அது மறைத்துவிடுகிறது.

செய்தது என்ன? அனுமந்தராயன் கோயில் தெரு வீட்டில், வீணைக் கலைஞரான தாயார் சண்முகவடிவிடம் தொடங்கிய பாடத்தை அவர் நிறுத்தவே இல்லை. நாடே அறிந்த பாடகியான பிறகு சித்தேஸ்வரி தேவியிடம் இந்துஸ்தானி கற்றார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, திருப்பதி தேவஸ்தானத்துக்காக அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் பதிவு செய்ய, பாடகர் நெதுநூரி கிருஷ்ணமூர்த்தியிடம் பாடம் பண்ணினார். நெதுநூரி அவரைவிட வயதில் இளையவர். பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞர் எம்.எஸ்.தான், 1998ல்.

ஒருவரிடம் பாடம் கேட்கும்போது தினமும் தப்பு பண்ணியாக வேண்டும், தினமும் திருத்தம் வாங்கியாக வேண்டும். வெளியே எத்தனை மாலை விழுந்தாலும், மறுநாள் காலையில் 'அந்தச் சங்கதி இன்னொரு தடவை' என்று சொல்ல ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அடக்கம் என்று நாம் வியக்கிறதில் பெரும்பங்கு இந்தப் பழக்கம் என்று நினைக்கிறேன். பழக்கமாக இருந்தால் நாமும் பழகலாம். தெய்வப் பிறவி என்றால் ஒன்றும் பண்ண முடியாது.

அந்தக் காலத்து வாத்தியார்கள் பாராட்டவே மாட்டார்களாம். அதுதான் சரியோ?

நாடக உலகத்தில் இந்தப் பேச்சு அதிகம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் இதே மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் போனதில் சலித்துத்தான் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்த வந்தார் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். அதாவது கைதட்டல் தலைக்கேறிய ராஜபார்ட் நூறு வருஷத்துக்கு முன்னாலும் தலைவலிதான். இன்றைக்கும் நாடக நடிகர்கள் வருஷா வருஷம் மதுரையில் சுவாமிகளுக்குக் குருபூஜை எடுக்கிறார்கள்.

இப்படிச் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து அருமையான நடிகர்கள் வந்தார்கள், சரி. அடி உதையும் வீட்டு ஏக்கமும் அதே கம்பெனிகளில் இருந்ததை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. தவிர, பாராட்டே இல்லாமல் வளர்த்த சீடனிடம் நான் பார்த்த ஒரு ஆபத்து உண்டு. வாத்தியாரிடம் ஒரு நல்ல வார்த்தை கேட்காமல் காய்ந்துபோனவன், வெளியே வந்ததும் முதலில் 'அண்ணே பின்னிட்டீங்க' என்று சொல்கிற ஆளிடம் விழுந்துவிடுகிறான். அந்த ஆள் அநேகமாக புரோக்கராக இருப்பார்.

என் மகள் பரதம் ஆடுகிறாள். நன்றாக ஆடினால் சொல்லாமல் இருக்கவா?

சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். எதை என்று சொல்லுங்கள். 'பாப்பா, தீர்மானத்துல மூணாவது தடவை வரைக்கும் அரைமண்டி எழும்பாம ஆடினே' (தீர்மானம் என்பது ஆட்டத்தில் ஒரு பகுதியை முடிக்கிற இடம், அரைமண்டி என்பது முழங்காலை மடித்து நிற்கிற நிலை) என்றால், அம்மா உண்மையிலேயே பார்த்திருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரியும். நாளைக்கும் அதையே செய்து பார்க்கும். அரைமண்டி பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாதென்றால் டீச்சரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பனை அவன் இல்லாத இடத்தில் புகழ், வாத்தியாரை எல்லா இடத்திலும் புகழ், பிள்ளையை மனசுக்குள் புகழ், வேலை செய்தவரை வேலை முடிந்ததும் புகழ் என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையை மனசுக்குள் மட்டும் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. மற்றதெல்லாம் சரி. அப்புறம், பிள்ளை ஆடுவதையெல்லாம் ரீல்ஸாகப் போட்டு எத்தனை லைக் என்று பிள்ளை முன்னாலேயே எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

பாராட்டினால் கண் பட்டுவிடும் என்கிறார்களே?

பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுப் பாராட்டுங்கள்.

இவ்வளவு புகழும் ஒரு நாள் போய்விட்டால் கலைஞன் என்ன ஆவான்?

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு தியேட்டர் கதையே போதும். மதுரை ராயல் டாக்கீஸ் 1937ல் எடுத்த சிந்தாமணி படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்துப் பாடினார். படம் ஓடிய ஓட்டத்தில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, சிந்தாமணி என்று அதே பேரை வைத்தார்கள். அவர் தலைமுடி மாதிரி ஊரெல்லாம் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்ட காலம் அது. 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். மேல்முறையீட்டில் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பாகி 1947ல் வெளியே வந்தார். அதன் பிறகு நடித்த படங்கள் எதுவும் பழையபடி ஓடவில்லை. 1959ல் 49 வயதில் காலமானார்.

அவருக்கு மண்டைக்கனம் இருந்தது என்று சொல்ல இதைக் கொண்டுவரவில்லை. கூட்டம் சேர்ந்ததற்கும் கலைந்ததற்கும் அவர் குரலைத் தாண்டி எத்தனையோ காரணம் இருந்தது. சினிமாவே அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கூட்டத்தை வைத்துத் தன் பாட்டை எடை போடுகிற பாடகருக்கு, கூட்டம் குறைகிற அன்று பாட்டும் போய்விட்டது போலத் தோன்றும். என்னிடம் வருகிற இளம் பாடகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யாருமே இல்லாத வீட்டில் கடைசியாக எப்போது பாடினாய்?

நான் ஒரு ரசிகன். குறை தெரிந்தால் எப்போது, எப்படிச் சொல்வது?

விடியக்காலையில் நாடகம் முடிந்து, தேங்காய் எண்ணெயைத் தடவி முகத்து மேக்கப்பை வழித்துக்கொண்டிருப்பார்கள் பாருங்கள், அப்போது சொல்லாதீர்கள். ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடிய ஆளிடம் அந்த நேரத்தில் டீ வாங்கிக் கொடுப்பதுதான் மரியாதை. நாலு நாள் கழித்துப் போனில் கூப்பிடுங்கள். பிடித்த இடத்தை முதலில் சொல்லி, இடறிய இடத்தை அப்புறம் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அது விமர்சனம் ஆகாது, அவமானம்தான் ஆகும். ஒரு வேளை அவர் எரிந்து விழுந்தால் விட்டுவிடுங்கள், சொன்னது உள்ளே போயிருக்கும்.

கலைஞர் தன்னைத்தானே எப்படிப் பார்த்துக்கொள்வது?

'எப்படி இருந்துச்சு?' என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு 'சூப்பர்ண்ணே' தவிர வேறு பதில் நம்மூரில் வராது. 'எந்த இடம் தடுமாறுச்சு?' என்று கேளுங்கள். அதையும் கூட வாசிக்கிறவரிடம் கேளுங்கள், செல்ஃபி எடுக்க வந்தவரிடம் வேண்டாம். போனில் ரெக்கார்டு பண்ணி, மறுநாள் கைதட்டல் வருகிற இடத்தையெல்லாம் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். முதல் சில தடவை தாங்காது. பழகிவிடும்.

ஏற்கெனவே தலைக்கேறிய ஆளை இறக்க முடியுமா?

மட்டம் தட்டி இறக்க முடியாது. அப்படிச் செய்தால் ஜால்ரா போடுகிற கூட்டத்தோடு இன்னும் ஒட்டிக்கொள்வார். அவரைவிட வயதிலும் வித்தையிலும் மூத்த ஒருவரோடு ஒரே மேடையில் சேர்த்துப் பேசிப் பாருங்கள். பழுத்த ஸ்திரீபார்ட் ஒருவர் எதிரில் நின்று, யாரும் எதிர்பாராத கேள்வி ஒன்றைத் தர்க்கத்தில் போட்டு, பதில் வராதபோது தானே கைகொடுத்துக் காப்பாற்றினால், நாம் ஒரு வருஷம் பேசியும் ஏறாதது அன்று ஒரு ராத்திரியில் ஏறும். ஆர்மோனியத்துக்கும் தைரியமாகப் பேசுகிற ஆளையே போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்த பங்குனிக்கு வேறு ராஜபார்ட்டைப் பேசிவிடுங்கள். நம் பக்கம் நல்ல நடிகர்களுக்குப் பஞ்சமில்லை, பாதிப் பேர் அட்வான்ஸ் வராதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.